லயன் வீட்டிலிருந்து சொந்தப் பட்டாவுக்கு: பெட்டிமுடி எழுப்பும் கேள்வி

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மூடியது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. 70 பேர் பலியாயினர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறைப் பூர்வீகமாகக் கொண்டோர் அவர்களில் பலர்.

உயிர் தப்பிய 8 குடும்பங்களுக்கு மூணாறு பகுதியிலுள்ள குட்டியாறுவாலியில் தலா 5 சென்ட் நிலத்தைக் கேரள அரசு வழங்கியது. தோட்ட நிறுவனம் வீடுகளைக் கட்டிக்கொடுத்தது. எட்டு என்பது சிறிய எண்தான். எனினும், அக்குடும்பங்களின் வீட்டு உரிமை முதன்முறையாக வேலையிலிருந்து பிரிக்கப்பட்டது.

லயன் வீடு வேலையோடு பிணைந்தது. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம், வசிப்பிடம் வழங்கும் பொறுப்பை நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. பணிக்காலம் முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். எனவே, கூரையைத் தக்கவைத்துக் கொள்வதற்காகவே மகனோ மருமகளோ கொழுந்து பறிக்கும் வேலையில் சேரும் வழக்கம் தோட்டங்களில் நீடிக்கிறது. சொந்த ஊருக்குத் திரும்பலாமே என்பது எளிது. தாத்தா காலத்தில் விட்டு வந்த ஊரில் பேரனுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை.

ஆனால், பட்டா மட்டும் போதுமா? தோட்டம் ஓரிடம், வீடு வேறிடம் என்றானால், வாசலிலிருந்து நடந்து சென்று பேரேட்டில் பெயர் பதிந்தவர்கள் இனி வாகனத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நேரிட்ட நிலச்சரிவுக்குப் பிறகு அரசின் அணுகுமுறை மாறியிருக்கிறது. கல்பெட்டாவில் எல்ஸ்டன் தேயிலைத் தோட்டத்தின் 64 ஹெக்டேர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. தலா 7 சென்ட் நிலத்தில் 1,000 சதுர அடி கொண்ட 400-க்கும் மேற்பட்ட வீடுகள், சுகாதார மையம், அங்கன்வாடி, சந்தை என ஒரு நகரியமே திட்டமிடப்பட்டது. 2025 மார்ச் 27-ஆம் தேதி முதல்வர் பினராயி விஜயன் அடிக்கல் நாட்டினார். வெறும் வீடுகளை அல்ல, ஒரு குடியிருப்பையே உருவாக்க வேண்டும் என்ற புரிதல் இதில் தெரிகிறது. பெட்டிமுடிக்கு அது வாய்க்கவில்லை.

இரண்டு இடங்களிலும் பட்டாவுக்கான தகுதி ஒன்றுதான்: பேரிடரில் தப்பியிருக்க வேண்டும். சரியாத மலைகளின் அடிவாரத்தில் லயன் வீடுகளில் வசிப்போருக்கு இந்தத் திட்டங்களில் இடமில்லை. நகரியத்துக்காக எல்ஸ்டன் தோட்ட நிலம் கைமாறியபோது, அங்கு வேலை செய்துவந்த தொழிலாளர்கள் தங்களுக்குச் சேர வேண்டிய நிலுவைத் தொகையைக் கேட்டுப் போராட்டம் நடத்தினர்.