போல்ட்டுக்கு இருக்கிற மரியாதை இருமல் மருந்துக்கு இல்லையா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ரிலீஸ், வீட்டுல அக்கா பையன், நடுவுல அத்திப்பள்ளி டிராஃபிக். மூக்கண்டப்பள்ளியில இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய் வர்றவங்களுக்கு இது புரியும், மத்தவங்க மன்னிச்சுக்குங்க. ஏதாவது மொக்கை போடலாம்னுதான் உட்கார்ந்தேன். மனசுல ஓடுறது வேற விஷயமா இருக்கு. அதனால இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் பதிவு.

2025 அக்டோபர்ல அக்கா பையனுக்கு இருமல். வயசு மூணு. ஃப்ரிட்ஜ் கதவுல ஏற்கெனவே ஒரு சிரப் பாட்டில் இருந்துச்சு. அக்கா கையில எடுத்துட்டா, ஆனா ஊத்தலை. "டேய், பேப்பர்ல போட்டிருக்கானே, அந்த மருந்தா இது, பாருடா"ன்னா. பேட்ச் நம்பர் எறும்பு சைஸ்ல இருந்துச்சு. செல்ஃபோன் கேமராவுல பெருசாக்கிப் படிச்சேன். அந்தக் கம்பெனி இல்லை. அப்பவும் அக்காவுக்கு மனசு வரலை. கீழ மெடிக்கல்ஸ் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். "இது வேற கம்பெனி தம்பி, ஒண்ணும் ஆகாது"ன்னார். எப்படிண்ணே தெரியும்னு கேட்டதுக்குச் சிரிச்சார். அவரைக் குத்தம் சொல்லலை. அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் 20க்கும் மேற்பட்ட குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து செத்துப் போனாங்க. குடிச்சது கோல்ட்ரிஃப். தயாரிச்சது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துல இருந்த ஸ்ரேசன் பார்மா. அக்டோபர் 1ஆம் தேதி ம.பி.யில இருந்து தகவல் வந்த அன்னிக்கே நம்ம மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஃபேக்டரிக்குள்ள போயிடுச்சு. அன்னிக்கு ஆயுத பூஜை, அரசு விடுமுறை. அடுத்த நாளே ரிசல்ட் வந்துருச்சு. டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1. கிட்டத்தட்ட 486 மடங்கு! பிரேக் ஆயில்ல போடுற சமாச்சாரம் அது.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், இதுவரைக்கும் சோதிச்ச மாதிரிகள்ல இந்த விஷம் இல்லைன்னு அறிக்கை விட்டுச்சு. நம்ம ஊர் லேப் ரிப்போர்ட் கைக்குப் போனதும் அடுத்த நாளே பேச்சு மாறிடுச்சு. ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு லேபுக்கு நடுவுல இந்த லட்சணம்.

உடனே "பார்த்தியா, தமிழ்நாடுடா"ன்னு காலரைத் தூக்க வேண்டாம். 24 மணி நேரத்துல கண்டுபிடிச்சதும் இதே துறைதான், 2011ல இருந்து லைசென்ஸோட ஓடின அந்த ஃபேக்டரியை அத்தனை வருஷம் கோட்டை விட்டதும் இதே துறைதான். ஆட்கள் செத்த பிறகு போய்ப் பார்த்தப்ப 350க்கும் மேல விதிமீறல் கிடைச்சுது. ரெண்டு ஆய்வாளர்களை சஸ்பெண்ட் பண்ணினாங்க.

இந்த இடத்துல எனக்கு எங்க ஊர் சிப்காட்தான் ஞாபகம் வருது. என் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் இங்க ஒரு சின்ன மெஷின் ஷாப்புல குவாலிட்டி பார்க்கிறான். பெரிய வண்டிக் கம்பெனிக்கு போல்ட்டும் புஷ்ஷும் போகுது. ஸ்டீல் ராடு லாரியில இருந்து இறங்கினதும் முதல் வேலை இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன். ஹீட் நம்பர், டெஸ்ட் சர்டிஃபிகேட், சந்தேகம்னா வெட்டி லேபுக்கு அனுப்புவாங்க. கஸ்டமர் ஆடிட்னா ஒரு வாரத்துக்கு அவன் சாப்பிட மாட்டான், தூங்க மாட்டான். கேட்டா, "போல்ட் உடைஞ்சா எவன் சப்ளை பண்ணினான்னு அரை மணி நேரத்துல தெரியணும் மச்சி"ங்கிறான். 

போல்ட்டுக்கே இப்படி. குழந்தை வாயில ஊத்துற மருந்துக்கு வாங்கின புரோபிலீன் கிளைக்காலை, அது மருந்துத் தரமா, பெயிண்ட் தரமான்னு பார்க்க ஆள் இல்லை. அவ்வளவுதான் விஷயம், இதுல ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணுமில்லை. புரோகிராம் எழுதுற நமக்குத் தெரியும், உள்ள வர்ற டேட்டாவைச் சோதிக்காம விட்டா என்ன ஆகும்னு. நமக்கு ஸ்கிரீன் கிராஷ் ஆகும், ரீஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிடுவோம்.

புதுசா நடந்த தப்பும் இல்லை. 1937லேயே அமெரிக்காவுல இதே விஷம் நூறு பேருக்கு மேல கொன்னுது, அதுல பயந்துதான் அடுத்த வருஷம் அவங்க கடுமையான சட்டம் கொண்டு வந்தாங்க. இங்கயும் 1972ல மெட்ராஸ், 1986ல பம்பாய், 1998ல குர்கான், 2020ல ஜம்முன்னு வரிசையா நடந்திருக்கு. 2022ல காம்பியா. சுமார் 70 குழந்தைங்க. ஹரியானா கம்பெனி சிரப். அடுத்து உஸ்பெகிஸ்தான், அது நொய்டா கம்பெனி. உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்ட பிறகு, 2023 ஜூன் 1ல இருந்து ஏற்றுமதி ஆகுற இருமல் மருந்தை எல்லாம் அரசு அங்கீகாரம் பெற்ற லேபுல சோதிச்சு சர்டிஃபிகேட் வாங்கணும்னு நம்ம அரசு உத்தரவு போட்டுச்சு.

ஏற்றுமதி ஆகுறதுக்கு மட்டும். இதைப் படிச்சப்பதான் எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சலாச்சு. காம்பியாவுக்குக் கப்பல் ஏறுற பாட்டிலுக்கு டெஸ்ட், சிந்த்வாராவுக்கு லாரி ஏறுற பாட்டிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இத்தனைக்கும் காம்பியா பெரிய நாடு இல்லை. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் அதிக ஜனம். சொந்தமா மருந்து சோதிக்கிற லேப்கூட அப்ப இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் கண்டுபிடிச்சாங்க. 2023 ஜூலையில இருந்து இந்திய மருந்துகளைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே சோதிக்கணும்னு அவங்க கறாரா சொல்லிட்டாங்க. அவங்க கேட்டாங்க, கிடைச்சுது.

அதனாலதான் வெளி ஆள் வந்து பார்க்கட்டும்னு சொல்றேன். பிக்ஸ்னு (PIC/S இல்லீங்க, தமிழ்லயே எழுதிடறேன், பி.ஐ.சி.எஸ்.) ஒரு அமைப்பு இருக்கு. 50க்கும் மேற்பட்ட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் அதுல உறுப்பினர். ஒருத்தர் துறையை இன்னொருத்தர் சோதிப்பாங்க, ஆய்வாளர்களுக்குப் பயிற்சி பொதுவா நடக்கும். உலகத்தின் மருந்துக்கடைன்னு பேர் வாங்கின இந்தியா, 2025ல குழந்தைங்க செத்தப்பவும் அதுல உறுப்பினர் இல்லை. தடுப்பூசி விஷயத்துல மட்டும் உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோலைத் தொட்டிருக்கோம், 2024ல மூணாவது நிலைன்னு சான்று கொடுத்தாங்க. ஆக நம்மால முடியாதுன்னு இல்லை.

சின்னக் கம்பெனியெல்லாம் செத்துரும், மருந்து விலை ஏறும்னு ஒரு வாதம் இருக்கு. அதுல பாதி நியாயம். 2023 கடைசியில உற்பத்தி விதிகளை (ஷெட்யூல் எம்) இறுக்கினாங்க, சின்னக் கம்பெனிகளுக்கு 2025 டிசம்பர் வரைக்கும் அவகாசம் நீட்டிச்சாங்க. அந்த அவகாசத்துக்குள்ளதான் இந்தச் சாவு. இந்த விஷத்தைக் கண்டுபிடிக்க மலிவான முதல்கட்ட சோதனை முறையை உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டிருக்கு. நாலு கம்பெனி சேர்ந்து, ஒரு எஸ்டேட்டுக்கு ஒரு லேப்னு சிப்காட் மாதிரியே வெச்சுக்கலாமே. எங்க ஊர்ல பத்துப் பேர் வேலை செய்யுற ஷாப்பெல்லாம் ஜெர்மன்காரன் ஆடிட்டுக்கு நிக்குது, ஒருத்தரும் செத்துப் போகலை.

வெள்ளைக்காரன் நம்ம ஜெனரிக் மருந்தை ஒழிக்கப் பார்க்கிறான்னு இன்னொரு வாதம். காப்புரிமை விஷயத்துல அவங்க அப்படித்தான், அதுல நான் நம்ம பக்கம். ஆனா பிரேக் ஆயிலைக் குழந்தைக்குக் கொடுக்கிறது சுதேசி கிடையாது.

அக்கா பையன் விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் டாக்டர்கிட்ட காட்டினோம். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்களுக்குப் பொதுவா இருமல் மருந்தே வேண்டாம்னு மத்திய அரசு சுற்றறிக்கை வந்திருக்கு, வெந்நீர் கொடுங்க போதும்னார். நாலு நாள்ல இருமல் போயிடுச்சு. அந்தப் பாட்டிலை அக்கா குப்பையில போடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இன்னும் ஃப்ரிட்ஜ் கதவுல அப்படியே நிக்குது. எங்க கொண்டு போய்க் கொடுத்தா சோதிச்சுச் சொல்வாங்கன்னு கேட்கிறா. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.