ஒடுக்கு எடுத்தலும் ஒடுக்கை மறைத்தலும்

இராணிப்பேட்டை தொடங்கி வாணியம்பாடி வரை, சரக்குந்துகளோடு தோள் உரசிச் செல்லும் நம் பகுதி மகிழுந்துகள் சிறு இடிக்குத் தப்புதல் அரிது. கதவிலோ சக்கரத்தின் மேல்தகட்டிலோ கையகல ஒடுக்கு விழுந்துவிடுகிறது. காப்பீட்டுத் தொகையைக் கோரினால், கோராத ஆண்டுகளுக்கென 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் கட்டணச் சலுகை கைவிட்டுப் போகும். பணிமனைக்குச் சென்றாலோ, தகட்டையே மாற்றிவிடலாம் என்பர். ஆகவே, வீட்டிலேயே ஒடுக்கெடுக்க முனைவோரை நாம் குறை கூறோம். எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்னும் தெளிவு இருந்தால் போதும்.

ஒடுக்கு என்பது நம் இல்லத்துப் பெண்டிர் குடத்துக்கும் குண்டானுக்கும் வழங்கும் சொல். "டிங்கர் வேலை" என்று ஆங்கிலப் பெயர் பூண்டிருப்பினும், அத்தொழிலின் அடிப்படை பாத்திரம் செப்பனிடுவோரின் கைத்திறமே. குழிந்த நடுவை ஓங்கி அடிப்பது பயனற்றது. அடிபட்ட தகடு மெலிந்து விரியும், பின் படியாது உப்பி நிற்கும். குழியைச் சூழ்ந்து மேடிட்ட வரம்பன்றோ அதனை இறுக்கிப் பிடித்திருப்பது! உட்புறத்தில் குழியின் அடியில் தாங்குகட்டையை அழுத்திப் பிடித்து, வெளிப்புறத்தில் அவ்வரம்பை ஓரத்திலிருந்து நடுநோக்கி மெல்லத் தட்டி வந்தால் குழி தானே எழும். இன்றைய மகிழுந்தின் வெளித்தகடு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் கனமே உடையது. ஆதலின் நூறு சிறு தட்டல்கள் ஒரு பேரடியினும் மேல். மேனாட்டில் கையால் உடற்கூடு சமைத்தோர் பச்சைத்தோல் சுத்தியும் மணல் அடைத்த தோற்பையும் கையாண்டனர். மரச்சுத்தியின் முகத்தில் கட்டத் தோல் துண்டுக்கு ஆம்பூரில் பஞ்சமா? நெகிழியாலான முன்காப்பாயின் சுத்தியே வேண்டா. கொதிநீர் ஊற்றி இளக்கி உள்ளிருந்து தள்ளினாற் போதும்.

கதவு முன்போற் சாத்தவில்லை, அல்லது இடைவெளி ஒருபால் அகன்று மறுபால் குறுகியுள்ளது எனின், கேடு தோலில் இல்லை, எலும்பில் உள்ளது. கூரையைத் தாங்கும் தூண்களும் அடிச்சட்டமும் உயர்வலிமை எஃகாலானவை. தீயிற் காய்ச்சினால் அவற்றின் வலிமை குன்றும். அவை பயின்றோர் கைக்கே உரியன.

நம்மை உறுத்துவது பிறிதொன்று. ஒடுக்கை எடுக்காமலே அதன்மேல் பட்டி அப்பி வண்ணம் பூசி விற்றுவிடும் வழக்கம் பெருகியுள்ளது. சீராக்கிய தகட்டின்மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி குற்றமன்று. விரற்கடை கனத்துக்கு அப்பினால் நாளடைவில் வெடிக்கும், அடியில் துருவேறும். கடைத்தெருவில் தானியக் குவியலுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனை வாங்குவோர் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிக் கண்டித்த செய்தியை நம் மாணவர் நன்கறிவர். வண்டிக்கு மட்டும் வேறு நியாயம் உண்டோ? விற்போர் சொல்லாவிடினும் வாங்குவோர் அறிய வழியுண்டு: சிறு காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றி எஃகுத் தகட்டின்மேல் நகர்த்துக. பட்டி தடித்த இடத்தில் அது பற்றாது நழுவி விழும்.