ஆறு வருவதை யார் சொல்வது?

கள்ளக்குறிச்சி என்ற பெயர் தமிழ்நாட்டுச் செய்தி அலைவரிசைகளில் எப்போதெல்லாம் ஒலித்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது கடினமான வேலையன்று. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது ஒருநாள் ஒலித்தது. பின்னர் 2022 ஜூலையில், கனியாமூரில் ஒரு மாணவியின் சாவைத் தொடர்ந்து பள்ளி கொளுத்தப்பட்டபோது வாரக்கணக்கில் ஒலித்தது. அதன்பின் 2024 ஜூனில், கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நாடாளுமன்றம் வரை ஒலித்தது. பிணம் விழுந்தால்தான் நம் மாவட்டத்துக்குப் பெயர் உண்டு என்பது எழுதப்படாத விதி போலும். இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. புலம்புவதற்கு வேறு பலர் இருக்கிறார்கள். நாம் கேட்க விரும்புவது வேறொன்று. நம்மைப் பற்றி இவ்வளவு பேசிய ஊடகங்களும், நம் சட்டைப்பையில் இரவும் பகலும் துடிக்கும் கருவியும், நமக்குத் தேவையான ஒரே ஒரு சேதியைத் தேவையான நேரத்தில் என்றேனும் நம்மிடம் சொன்னதுண்டா?

2024 டிசம்பர் 2 அதிகாலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு நாள் முன்னர், நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதுவரை எல்லாக் கேமராக்களும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன. காசிமேட்டு அலை, மெரினாக் காற்று, முழங்காலளவு நீரில் நின்று பேசும் நிருபர் என்று சென்னை நனைந்த ஒவ்வொரு சொட்டும் நேரலையானது. புயல் கரையைக் கடந்ததும் கேமராக்களும் கரையேறி வீடு திரும்பின. மீதியிருந்தவை புதுச்சேரித் தெருக்களிலும், மண்சரிவில் ஏழு உயிர்கள் புதைந்த திருவண்ணாமலை மலையடிவாரத்திலும் நின்றன. அங்கே நின்றதில் தவறில்லை. ஆனால் மழை நிற்கவில்லை. அது மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் கொட்டியது. ஊத்தங்கரையில் கொட்டினால் அந்த நீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குத்தான் வரும், தென்பெண்ணைக்கு வந்தால் சாத்தனூருக்குத்தான் வரும், சாத்தனூரில் கொள்ளாது போனால் மூங்கில்துறைப்பட்டுக்கும் திருக்கோவிலூருக்கும் வந்தே தீரும் என்பதை அறியப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். அன்று எந்த அலைவரிசையும் இந்த ஒற்றைச் சங்கிலியை ஒரு வரைபடத்தில் வரைந்து காட்டியதாக நாம் காணவில்லை.

சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி. உயரம் 119 அடி. டிசம்பர் 2 விடியுமுன் அதிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் விநாடிக்கு 1,68,000 கனஅடி. சாத்தனூருக்கும் நமக்கும் இடையே, அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்து ஏறத்தாழ பதினாறு கோடி ரூபாயில் கட்டப்பட்டு, மூன்று மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்ட பாலம் அந்த நீரில் போயிற்று. கீழே அரகண்டநல்லூர், திருக்கோவிலூர், அரசூர் என்று வழிநெடுக வீடுகளும் வயல்களும் மூழ்கின. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே நின்றது. முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் அணையைத் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு.

இந்த வாதத்தில் யார் பக்கம் சேர்வது என்று அன்று நம் நண்பர்கள் பலர் தத்தம் கட்சிக்கேற்ப முடிவெடுத்துக்கொண்டார்கள். நமக்கோ இரு தரப்பும் ஒரே பிழையைச் செய்வதாகவே படுகிறது. எச்சரிக்கை 'விடுப்பது' என்பது அலுவலகத்தில் நிகழும் செயல். எச்சரிக்கை 'போய்ச் சேர்வது' என்பது ஊரில் நிகழும் செயல். முன்னதற்குக் கோப்பில் சான்று இருக்கும்; பின்னதற்குச் சான்று, இரவு இரண்டு மணிக்கு ஒரு கிழவி எழுந்து கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்தாளா என்பது மட்டுமே. ஐந்து முறை விடுத்தீர்கள், ஒப்புக்கொள்வோம். எந்தெந்த வழியில், எந்தத் தெரு வரை என்று சட்டமன்றத்திலோ தொலைக்காட்சி விவாதத்திலோ எவரேனும் கடைசி வரை துருவிக் கேட்டதுண்டா? டிசம்பர் 3 அன்று இருவேல்பட்டில் ஓர் அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அவ்வளவுதான், ஊடகங்களுக்கு விருந்து கிடைத்துவிட்டது. வீசியவர் எந்தக் கட்சி, சேறு எத்தனை அடி பறந்தது என்று சட்டம் சட்டமாக நிறுத்திக் காட்டினார்கள். சேறு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கவில்லை.

நிற்க. கருவிகள் இல்லாமல் இல்லை. 2023-இல் நாடெங்கும் செல்பேசிகள் ஒருநாள் திடீரென்று அலறி, 'இது மாதிரி எச்சரிக்கை, அஞ்ச வேண்டாம்' என்று சொன்னது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2024-இல் டி.என். அலர்ட் என்ற செயலியும் வந்தது. இவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் வெள்ள இரவின் இயல்பு என்ன? முதலில் மின்சாரம் போகும். பாதுகாப்புக் கருதி மின்வாரியமே நிறுத்தும், நிறுத்தவும் வேண்டும். பிறகு செல்பேசிக் கோபுரம் மின்கலத்தில் சில மணி நேரம் மூச்சு வாங்கிவிட்டு அடங்கும். கையிலுள்ள கருவியில் 'சார்ஜ்' முந்திய மாலையே முடிந்திருக்கும். மேற்கே கல்வராயன் மலைக்கு ஏறினால் வெயில் நாளிலேயே அலை எட்டாத சிற்றூர்கள் உண்டு. செயலியைத் தரவிறக்கி, அனுமதிகள் வழங்கி, மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று பார்த்தால், ஆற்றுக்கு மிக அருகே வசிப்பவர்தான் பெரும்பாலும் இரண்டாம் வகையினர்.

முன்னர் இதற்குத் தண்டோரா இருந்தது. 2022 ஆகஸ்டில் அரசு அதைத் தடை செய்தது. சரியான முடிவு; அதில் நமக்கு ஐயமே இல்லை. ஊருக்குச் செய்தி சொல்லப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட சாதியார்தான் தெருத்தெருவாக நடக்க வேண்டும், கேட்பவர் திண்ணையிலிருந்து கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு ஒழிய வேண்டியதே. தண்டோராவை நினைத்து ஏங்கும் பழம்பெருமைக்காரர்கள் பறையைத் தம் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு ஏங்கட்டும். ஆனால் அதே உத்தரவு, அதற்கு மாற்றாக வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றது. அந்த வாகனம் எங்கே நிற்கிறது, இரவு இரண்டு மணிக்கு அதை ஓட்டப் பணிக்கப்பட்டவர் யார், எத்தனை கனஅடிக்கு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும்? இழிவு நீங்கியது நல்லது. அதோடு சேதியும் நீங்கிவிடலாகாது.

ஊடக நண்பர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: நாங்கள் மாநிலத்துக்கான ஊடகம், ஊருக்கான செய்தியை ஊர்க்காரர்களே இப்போது யூட்யூபில் போடுகிறார்களே, ஜனநாயகம் மலர்ந்துவிட்டதே என்று. மலர்ந்ததைப் பார்த்தோம். ஊர்க்காரர் பாலத்தில் நின்று வெள்ளத்தைப் படம் பிடிக்கிறார். அது திருப்பூரிலும் துபாயிலும் உள்ளவர்கள் பார்ப்பதற்கு. கேமரா ஊரில் இருக்கிறது, முகம் வெளியே திரும்பியிருக்கிறது. ஆற்றின் மறுகரையில் உள்ளவர் அதைப் பார்த்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்தப் படத்தின் நோக்கத்திலேயே இல்லை. நம்மைப் பற்றிய செய்தி வேறு, நமக்கான செய்தி வேறு. முன்னதற்கு விளம்பரதாரர் உண்டு, பின்னதற்கு இல்லை.

நமக்கான செய்தி இல்லாத இடத்தில் எது வந்து உட்காரும் என்பதைக் கனியாமூர் காட்டியது. 2022 ஜூலை 17 அன்று அங்கே திரண்ட கூட்டத்தில் பலரைத் திரட்டியது வாட்ஸ்அப். விசாரணை என்ன நிலையில் இருக்கிறது என்று நாள்தோறும் பொறுமையாகச் சொல்ல, அனைவரும் நம்பும் ஒரு குரல் மாவட்டத்தில் இருந்திருந்தால் அத்தனை வதந்திக்கும் அவ்வளவு எளிதாக இடம் கிடைத்திருக்குமா? கருணாபுரம் இன்னும் கொடியது. 2024 ஜூன் 19 அன்று முதல் சாவுகள் வந்தபோது, காரணம் கள்ளச்சாராயம் அன்று என்று மாவட்ட நிர்வாகம் மறுத்தது. அந்த மறுப்பை நம்பிப் பலர் சிகிச்சைக்குப் போகத் தாமதித்தார்கள் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. அன்று ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் மெத்தனால் கலந்த சாராயம் கையிலிருக்கும் ஒருவனிடம் 'குடிக்காதே, குடித்திருந்தால் உடனே ஓடு' என்று சொல்ல வேண்டிய அந்தச் சில மணி நேரம் போனது போனதுதான். அதன்பின் ஊடகங்கள் செய்தது என்ன? கல்வராயன் மலைக்கு ஏறி ஊறல் பானைகளைப் படம் பிடித்தன. மெத்தனால் தொழிற்சாலைகளின் இரசாயனம், மலையில் விளைவதன்று. ஆயினும் மலையாளிப் பழங்குடியினரின் குடிசை வாசல்தான் பின்னணிக் காட்சியாயிற்று. அம்மக்களின் சாலை, மருத்துவம், கல்வி பற்றி ஒருவர் பேச வேண்டியிருந்தது. அதையும் 2024-இல் தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டு சென்னை உயர்நீதிமன்றம்தான் பேசிற்று.

இலக்கிய வாசகர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சாத்தனூர் அணை இருக்கும் அதே தண்டராம்பட்டு வட்டாரத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்தது. கால்நடைகளைக் காத்துப் பொருது மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் நிருபருக்கு நாயின் பெயர் தெரிந்திருந்தது. நம் காலத்து நேரலையில் 'இங்குள்ள கிராமம் ஒன்றில்' என்கிறார்கள். கீழே திருக்கோவிலூரில், கபிலர் தீப்பாய்ந்த செய்தியை இராசராசன் காலத்துக் கல்வெட்டு குறித்து வைத்திருக்கிறது. இந்த ஆற்றங்கரை சேதி பதிவு செய்யத் தெரியாத கரையன்று.

வெளிநாட்டைப் பார்த்தால் எல்லாம் அங்கே ஒழுங்கு என்ற மயக்கமும் நமக்கில்லை. அமெரிக்காவில் 2005 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பத்திரிகைகள் மறைந்துவிட்டன என்று இல்லினாய்ஸிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் கணக்கெடுத்துச் சொல்கிறது. நடுமேற்குச் சோளவயல் ஊர்களிலும் உள்ளூராட்சிக் கூட்டத்துக்குப் போக நிருபர் இல்லை. ஆனால் அதே இல்லினாய்ஸில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சூறாவளிச் சங்கை ஊதிச் சோதித்துப் பார்க்கிறார்கள். பத்திரிகை செத்தாலும் சங்கு சாகவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு போதும். அந்தக் கடற்கரைச் சிற்றூர்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அறிவு மையங்களை நடத்தியது. இணையத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அன்றாடம் வாசிப்பதும் அவற்றின் வேலைகளில் ஒன்று. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் ஆழிப்பேரலை பற்றி எச்சரித்தார். அதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் நகர்ந்தது, உயிர்ச்சேதம் இல்லை. வேலை செய்தது செயற்கைக்கோளா, தொலைபேசியா, ஒலிபெருக்கியா என்று கேட்டால் மூன்றும்தான். ஆனால் நாள்தோறும் உண்மை சொல்லிப் பழகிய குரல் என்பதால்தான் அன்று அதை நம்பினார்கள். ஆபத்து நாளில் மட்டும் பேசும் செயலியை எவர் நம்புவார்?

இதைச் செய்யக்கூடிய சமுதாய வானொலிக்கு நம் நாட்டில் 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெறலாம். ஆனால் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாமாம். ஆயிரம் யூட்யூப் வாய்கள் எதையும் சொல்லலாம், பத்துக் கிலோமீட்டர் எட்டும் வானொலி, ஊராட்சிக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லக் கூடாது. இந்த விந்தையை எதிர்த்து எந்தக் கட்சியும் ஒரு கண்டனக் கூட்டமேனும் போட்டதாக நாம் அறியோம்.

மூங்கில்துறைப்பட்டின் பெயரிலேயே துறை இருக்கிறது. ஆறு வருவதையும் வடிவதையும் பார்த்து வாழ்ந்த ஊர். இங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலை என்றால் சங்கு என்பது எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளன்று. பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் ஒலிபெருக்கி இல்லாத ஊர் இந்த மாவட்டத்தில் எது? சாத்தனூரில் விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடியைத் தாண்டினால் எந்தச் சங்கு எத்தனை முறை ஊத வேண்டும், ஊதுபவர் யார், அவர் இல்லாவிட்டால் சாவி யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி, பேருந்து நிறுத்தத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முந்திய மாதம் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சங்கை ஒருமுறை ஊதிப் பார்க்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவோம். கையொப்பமிட விரும்பும் ஆற்றங்கரை வாசகர்கள், அணையிலிருந்து தங்கள் ஊருக்கு நீர் வந்து சேரச் சென்ற முறை எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் உடன் எழுதி அனுப்பலாம்.