பள்ளிக்கூடத்தில் பணப் பாடம்!

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். கணக்கில் கெட்டிக்காரன். தனி வட்டி, கூட்டு வட்டி எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பரீட்சையில் நூற்றுக்கு நூறு மார்க்கு வாங்குகிறான்.

அவன் வீட்டு வாசலுக்கு, தினமும் மாலையில் தண்டல்காரர் வருகிறார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, 100 ரூபாய் கொடுக்கிறாள். பையன் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுப் பாடம் எழுதுகிறான்.

அந்தத் தண்டலுக்கு வட்டி எவ்வளவு என்று அவனிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது!

தண்டல் கணக்கு

பேச்சுக்கு 10,000 ரூபாய் தண்டல். ஆனால், கையில் கிடைப்பது 8,500 ரூபாய்தான். 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். பிறகு, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"வட்டி 1,500 ரூபாய்தானே! பெரிய தொகை இல்லையே!" என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. கடன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. 50-வது நாளில் பாதித் தவணை கட்டி முடிந்துவிடுகிறது. ஆனால், வட்டியை முழுத் தொகைக்கும் முதல் நாளே பிடித்தாகிவிட்டது. ஒழுங்காகக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 100 ரூபாய்க்கு 100 ரூபாய்க்கு மேல் வட்டி ஆகிறது!

பாங்கியில் நகையை அடகு வைத்தால், இதில் ஐந்தில் ஒரு பங்கு வட்டிகூட ஆகாது.

பாடப் புத்தகத்தில் கூட்டு வட்டி இருக்கிறது. ஆனால், அந்த வட்டி வாசலில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியவில்லை. அதை அடையாளம் காட்டுவதுதான் பணப் பாடம்.

சட்டம் போதுமா?

1990-களில், அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பல நிதி நிறுவனங்கள் பணம் திரட்டின. பிறகு இழுத்து மூடின. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமும், ரிட்டயர் ஆனபோது கிடைத்த பணமும் போயின. 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் மோசடிகள் நிற்கவில்லை.

இப்போது செல்போனிலேயே சூதாட்டம் வந்துவிட்டது. அதைத் தடுக்க 2022-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தது. 2025-ல் பாராளுமன்றமும் சட்டம் செய்தது.

சட்டம் வேண்டியதுதான். ஆனால், பெரும்பாலும் பணம் போன பிறகே சட்டம் வருகிறது. அறிவு இருந்தால், பணம் போகும் முன்பே கை தடுக்கும்.

தேசிய நிதிக் கல்வி மையம் 2019-ல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பண விஷயத்தில் போதிய அறிவு உள்ளவர்கள், பெரியவர்களில் நூற்றுக்கு 27 பேர்தான் என்று தெரிந்தது. மற்ற 73 பேரும் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள்? பள்ளிக்கூடம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பழைய வழி

இது புதிய யோசனை அல்ல. முன்பு நம் பள்ளிக்கூடங்களில் "சஞ்சாயிகா" என்ற சிறுசேமிப்புத் திட்டம் நடந்தது. பிள்ளைகள் மிட்டாய்க் காசை மிச்சம் பிடித்துக் கட்டினார்கள். பிள்ளைகளே கணக்கும் எழுதினார்கள். பணம் தபால் ஆபீசுக்குப் போயிற்று. பாஸ் புத்தகத்தில் தொகை ஏறுவதைப் பார்த்தவர்கள், அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

இன்று 10 வயது நிரம்பிய பிள்ளை, தன் பெயரிலேயே பாங்கியில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் பாங்கி 2014-ல் இதற்கு வழி செய்தது. வழி இருக்கிறது. வழிகாட்ட ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். வாரம் ஒரு மணி நேரமாவது வகுப்பு வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும்.

யார் பணம்?

"நாங்கள் இலவசமாக நடத்துகிறோம்" என்று இன்சூரன்சு கம்பெனியும் பங்குச் சந்தைக் கம்பெனியும் வரக்கூடும். வாசலோடு அனுப்பிவிட வேண்டும்! கடை வைத்திருப்பவர் பாடம் நடத்தினால், பாடம் விளம்பரமாகிவிடும். ஆகவே, செலவைச் சர்க்கார்தான் ஏற்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருக்கிறது. பாங்கிகளில் 10 ஆண்டுகளாக யாரும் கேட்காமல் கிடக்கும் பணம், ரிசர்வ் பாங்கியின் ஒரு நிதியில் சேருகிறது. 2014-ல் ஏற்பட்ட நிதி இது. 2024 மார்ச்சில் அதில் சுமார் 78,000 கோடி ரூபாய் இருந்தது! அசல், உரியவர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டிய பணம். அதில் கை வைக்கக் கூடாது. ஆனால், அதை முதலீடு செய்து வரும் வருமானம் இருக்கிறது. பணம் போடுகிறவர்களுக்கு அறிவு புகட்டுவதும் அந்த நிதியின் வேலைதான். வருமானத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிட்டால் என்ன?

"ஏழை வீட்டில் காசே இல்லை. சேமிப்புப் பாடம் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாடம் படித்தால் கூலி உயராது. வறுமைக்கு அது மருந்தும் அல்ல. ஆனால், பணக்காரர் ஒரு தடவை ஏமாந்தால் எழுந்துவிடுவார். ஏழை ஏமாந்தால் எழுந்திருக்கப் பல வருஷம் ஆகும். ஆகவே, ஏழைக்குத்தான் இந்தப் பாடம் முதலில் வேண்டும்.

அடுத்த தண்டல் வாங்கும் முன்பு, அந்தப் பையன் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டு அம்மாவிடம் காட்ட வேண்டும். அவள் தண்டல் வாங்காமல் இருக்கலாம். அவசரத்துக்கு வாங்கவும் நேரலாம். ஆனால், என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குவாள்.

அந்தக் கணக்கைப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பது, சர்க்காரின் கடமை!