குளிர் யாருக்கு?



மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானல் போனவர்களுக்குத் தெரியும். ராத்திரியில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். பள்ளமான புல்வெளிகளில் உறைபனி படியும். 'ஒரு டீ குடிச்சா சரியாப் போயிடும்' என்று கடைக்குள் நுழைந்தால், உள்ளேயும் அதே குளிர்!

காரணம், கடை கட்டியிருக்கும் விதம்தான். பல கடைகளில் முன்பக்கம் முழுக்க ஷட்டர், மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. திண்டுக்கல்லுக்கு இது சரி. அங்கே காற்று வேணும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அதே மாதிரிக் கடை எதற்கு? 1845-இல் அங்கே குடியேறத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளும், பின்னால் வந்த ஆங்கிலேயரும் பங்களாக்களில் புகைபோக்கியோடு கணப்பு அடுப்பு கட்டிக்கொண்டார்கள். நாமோ சமவெளிக் கடையை அப்படியே மலையில் ஏற்றிவிட்டோம்.

இயற்பியலும் நமக்கு எதிர்தான். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அந்த உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டீயே சூடு குறைந்துதான் கைக்கு வருகிறது!

ஆனால் டூரிஸ்டுக்காக நான் இதை எழுதவில்லை. அவர் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை, ஐஸ் மாதிரித் தண்ணீரில் கிளாஸ் கழுவுகிறாரே நம் வயசுத் தொழிலாளி, அவர் எங்கே போவார்? வேலை செய்யும் இடத்தின் வெப்பநிலை உடலைக் கெடுக்காதபடி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. டீக்கடைதான் தொழிற்சாலை இல்லையே! கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல காரியம். இருக்கையோடு கொஞ்சம் வெந்நீரும் தரக்கூடாதா?

'உள்ளே கரி மூட்டினால் போச்சு' என்பார்கள் சிலர். கூடவே கூடாது! அடைத்த இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். திறந்த முகப்பில் பாதிக்கு மரத் தடுப்பு, மீதிக்கு ஒரு கதவு. தகரத்துக்கு அடியில் பலகை சீலிங். அடுப்புக்கு மேலே புகையும் ஆவியும் வெளியேற வழி. பாய்லரில் கொதிக்கும் தண்ணீரில் நாலு செம்பு, கிளாஸ் கழுவும் தொட்டிக்கு. இதற்கு எஞ்சினியரிங் காலேஜ் வரை போக வேண்டாம். நம் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களே போதும்.

அடுத்த டூரில் ஏரிக்கரையில் போட்டோ எடுத்த கையோடு, ஒரு கடைக்காரரிடம் இதைப் பேசிப் பார்ப்போமா?