பச்சைக் கல்லும் பெயரற்ற கைகளும்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் குளிர்கால அரண்மனையில் மாலகைட் மண்டபம் என்றொரு மண்டபம் இருக்கிறது. 1837-ஆம் வருஷத்துத் தீயில் அரண்மனை பாழான பிறகு, முதலாம் நிக்கலஸ் சக்கரவர்த்தியின் பட்டமகிஷிக்காக அலெக்ஸாண்டர் பிரியுல்லோவ் வகுத்தமைத்த அந்த மண்டபத்தின் தூண்களைக் காண்கிறவர்கள், கரும்பச்சையும் இளம்பச்சையும் வளையம் வளையமாகச் சுருண்டோடும் சௌந்தர்யத்தில் மனத்தைப் பறிகொடுத்து, அவை முழுக்கல்லில் கடைந்தெடுத்தவை என்றே நிச்சயித்துவிடுவார்கள்.

உண்மை அதுவன்று. செம்புத் தாதின்மேல் நீரும் கரியமில வாயுவும் நெடுங்காலம் வினைபுரிந்து திரண்ட மாலகைட் என்னும் இப்பச்சைக் கல், பிளவும் துளையும் மலிந்தது. தூணுக்கு ஆகும் பெருங்கல் கிடைப்பது மிக அபூர்வம். ஆகையால் அதைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளாக அறுத்து, ஒரு துண்டின் வரி அடுத்த துண்டிலும் அறாமல் தொடரும்படி தேர்ந்து இழைத்து, வேறு கல்லின்மேலோ உலோகத்தின்மேலோ ஒட்டி, சந்துகளைக் கல்தூள் கலந்த பசையால் அடைத்து மெருகேற்றினார்கள். ரஷ்ய மொசைக் என்று பெயர்பெற்ற வேலை இதுதான். 'வெறும் மேற்பூச்சுத்தானா' என்று சிலர் முகம் சுளிப்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. நூற்றுக்கணக்கான சில்லுகளைச் சேர்த்து, இயற்கையே ஒரு மூச்சில் வரைந்ததுபோல் தோன்றச் செய்த கண்ணும் கையும் அல்லவா அங்கே நாம் வணங்கத் தக்கவை!

அந்தக் கைகள் யாருடையவை? சக்கரவர்த்தியின் பெயர் தெரியும்; இக்கல்லை அளித்த நீஷ்னி தகீல் சுரங்கத்துக்கு உடையவர்களான தெமிதோவ் குடும்பத்தின் பெயரும் தெரியும். ஆனால் யூரல் மலைப் பாதாளத்தில் கல்லை வெட்டியவர்கள், 1861-இல் விடுதலைச் சட்டம் வரும்வரை, பெரும்பாலும் எஜமானருக்குக் கட்டுண்ட அடிமைக் குடிகள். இக்கல்லை அறுக்கும்போது எழும் செம்புத் தூசு சுவாசத்துக்குக் கேடு என்பதை நினைக்கையில் அந்த மெருகு என் நெஞ்சை உறுத்துகிறது. யூரல் தொழிலாளரின் வாய்மொழிக் கதைகளைத் தழுவி பாவெல் பஷோவ் எழுதிய 'மாலகைட் பெட்டி' 1939-இல் வெளிவந்தது. அதன் கதைகளில் தானிலா என்னும் கல்தச்சன் நாயகனாகிறான். இலக்கியம் அளித்த இந்த ஸ்தானத்தைக் காட்சிசாலைகளும் அளிக்க வேண்டும். ஒவ்வொரு மாலகைட் ஜாடியின் அடியிலும், அரசர் பெயருக்குப் பக்கத்தில், வெட்டியவரையும் இழைத்தவரையும் பற்றி இரண்டு வரியாவது எழுத வேண்டும்.

பழைய யூரல் சுரங்கங்கள் வற்றிவிட்டன. இன்று காங்கோவின் கடாங்காப் பிரதேசத்திலிருந்து இக்கல் கடைகளுக்கு வருகிறது. மணிமாலையை வாங்கும்போது விலையைக் கேட்கிற நாம், வெட்டியவருக்குக் கிடைத்த கூலி என்ன என்றும் கடைக்காரரைக் கேட்கத் தொடங்குவோம்.