ஏழு பெரிதா, மூன்று பெரிதா?

வீட்டு வேலைக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். எந்தப் பிராசஸர் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கேரளத்துக்குள் வரும் பாலில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க மீனாட்சிபுரத்தில் பால்வளத் துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழக எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர் இது. பால் லாரி இங்கே நின்றுதான் போக வேண்டும். அதே சாலையில் பொள்ளாச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ அட்டைப் பெட்டியில் வரும் கம்ப்யூட்டரை நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. வணிக வரிச் சாவடிகளுக்கும் 2017 ஜூலை 1 முதல் வேலை போய்விட்டது. எல்லைக்கு எந்தப் பக்கம் வாங்கினாலும் கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். எந்தப் பக்கம் வாங்கலாம் என்ற கணக்கு முடிந்தது. எதை வாங்கலாம் என்ற கணக்கு முடியவில்லை.

எல்லையோரத்துத் தோப்புக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று வாங்கும் பொருளல்ல. ஒன்றுதான் வரும், ஏழெட்டு வருடம் ஓட வேண்டும். அதில் மகள் பாடம் படிக்க வேண்டும், அப்பா தேங்காய்க் கணக்கு எழுத வேண்டும், ராத்திரி மகன் வாலரன்டோ ஜிடிஏவோ ஆட வேண்டும். இத்தனையையும் தாங்குமா என்று கேட்டால் விற்பவரிடமிருந்து ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடுகிறது: கோர் ஐ-7. ஏழு என்றால் பெரியது, மூன்று என்றால் சிறியது. குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

பிராசஸர் சந்தையில் இந்தக் கணக்குத்தான் தவறு. மலிவு விலையில் 'ஐ-7 கேமிங் கம்ப்யூட்டர்' என்று விற்கப்படும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது, ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்ற பழைய பிராசஸர். உதாரணத்துக்கு ஐ-7 3770. 2012-ல் வெளிவந்தபோது ராஜா, சந்தேகமில்லை. பத்து வருடம் கழித்து 2022-ல் இன்டெல் வெளியிட்ட ஐ-3 12100-லும் இதைப்போலவே நான்கு கோர்கள்தான். ஆனால் பல சோதனைகளில் இந்த 'மூன்று' அந்த 'ஏழை'விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்கிறது. விற்பவர் பொய் சொல்லவில்லை. உள்ளே இருப்பது ஐ-7தான். எந்தக் காலத்து ஐ-7 என்பதை அவர் சொல்லவில்லை, வாங்குபவர் கேட்கவில்லை.

கேட்காததற்கு விலை உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிபந்தனை. 3770 மூன்றாம் தலைமுறை. குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0 இருந்தாக வேண்டும். எந்த விளையாட்டுக்காக மகன் அடம்பிடித்து வாங்கினானோ அதுவே திறக்காது.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஐ-7, ஐ-5 என்பதை விட்டுவிட்டு அடுத்து வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டு. 14400 என்றால் பதினான்கு. இன்டெல் 2024-ல் இந்த வரிசையை விட்டு 'கோர் அல்ட்ரா' என்ற புதுப் பெயருக்குப் போய்விட்டது. பழைய வரிசையும் கடைகளில் கிடைக்கிறது. ஏஎம்டியின் ரைசனில் 5600, 7600, 9600 என்று முதல் இலக்கம் ஏற ஏறப் புதியது.

எண்ணைக் காட்டி விற்பது இன்று வந்த வழக்கமல்ல. 2000-ல் பெண்டியம் 4 வந்தபோது கிகாஹெர்ட்ஸ்தான் மந்திரம். கடிகார வேகம் அதிகமானால் கம்ப்யூட்டர் வேகமானது என்று உலகமே நம்பியது. 2001-ல் ஏஎம்டி தன் அத்லான் எக்ஸ்பி பிராசஸருக்கு 1800+ என்று பெயர் வைத்தது. அதன் உண்மையான வேகம் 1533 மெகாஹெர்ட்ஸ். குறைந்த வேகத்திலேயே அதிக வேலை செய்யும் பிராசஸரை, எண்ணை நம்பும் வாடிக்கையாளருக்கு விற்க அந்த நிறுவனத்துக்கு வேறு வழி தெரியவில்லை.

கிகாஹெர்ட்ஸ் மோகம் தணிந்த இடத்தில் இப்போது கோர் மோகம் உட்கார்ந்திருக்கிறது. ஆறு கோரா, எட்டா, பதினாறா? தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். நூறு மரத்தில் காய் பறிக்க வேண்டுமானால் ஆறு ஆள் வந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஒரே மரத்தில் ஆறு பேர் ஏற முடியாது. அங்கே ஓர் ஆள் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதுதான் கணக்கு. வீடியோ எடிட்டிங் நூறு மரத்து வேலை. கோர் கூடக்கூட லாபம். பெரும்பாலான விளையாட்டுகளில் முக்கியமான வேலை ஓரிரு மரங்களில்தான் நடக்கிறது. ஆறு நல்ல கோர்களுக்கு மேல் கொடுக்கும் காசு விளையாட்டில் அதிகம் தெரிவதில்லை.

ஆள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் அரிவாள் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இடுப்பில் இருந்தால் உடனே வெட்டலாம். வீட்டில் இருந்தால் ஒவ்வொரு குலைக்கும் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். பிராசஸரின் இடுப்பில் இருக்கும் அரிவாள்தான் கேஷ் என்ற உள் நினைவகம். ஏஎம்டி 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்குச் சாட்சி. அதன் கடிகார வேகம் அதற்கு முந்தைய 5800எக்ஸைவிடக் குறைவு. கேஷ் மட்டும் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. பெரும்பாலான விளையாட்டுகளில் தம்பி அண்ணனை முந்திவிட்டான். ஆனால் இணையம் பார்ப்பதிலும் கணக்கு எழுதுவதிலும் இந்தக் கூடுதல் கேஷால் கண்ணுக்குத் தெரிகிற லாபம் இல்லை. விளையாட்டையே பிரதானமாகக் கொண்டவர்களுக்குத்தான் 'எக்ஸ்3டி' வரிசை. கீழ்த்தட்டிலும் இதே கதை உண்டு. ரைசன் 5 5500-க்கும் 5600-க்கும் பெயரில் நூறுதான் வித்தியாசம். கேஷ் முன்னதில் 16 எம்பி, பின்னதில் 32.

பெயரின் கடைசி எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்டெல் பிராசஸரில் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் படம் காட்டும் வசதி இல்லை. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் ஏதாவது தெரியும். விலை குறைவு என்று 12400எஃப் வாங்கி, கார்டை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நினைத்தால் அதுவரை கறுப்புத் திரையைத்தான் பார்க்க வேண்டும். ஏஎம்டியில் 'ஜி' என்று முடியும் 5600ஜி, 8600ஜி போன்றவை இதற்கு நேர்மாறு. இவற்றில் ஓரளவு வலுவான கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வாலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகள் தனிக் கார்டு இல்லாமலே ஓடும். ஒரு நிபந்தனை: இந்த வகை ராமையே படம் வரையவும் பயன்படுத்துவதால், 16 ஜிபி ஒரே துண்டாக இல்லாமல் 8 ஜிபி வீதம் இரண்டு துண்டாகப் போட வேண்டும். பாதிக் கடைகளில் மறக்கிற விஷயம் இது.

வீட்டின் மற்றவர்களுக்கு என்ன வேண்டும்? கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தரும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸ்தான் ஓடுகிறது. லிப்ரே ஆஃபீஸ், ஜிம்ப், பைத்தான் என்று பிள்ளைகள் பழகும் எல்லாமே இலவச மென்பொருள். இவற்றுக்கும் தமிழ் டைப்பிங்குக்கும் பில் போடுவதற்கும் ஐ-3யே அதிகம். மகளின் படிப்பைக் காரணம் காட்டி ஐ-7 கேட்கும் மகனுக்கு இந்தத் தகவல் பிடிக்காது.

விலை மேலே போகப்போக வெப்பமும் மேலே போகிறது. இன்டெல்லின் ஐ-9 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். 12400, ரைசன் 5600 போன்றவை 65 வாட் வகுப்பு. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. ஏசி இல்லாத அறையில் பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறி அந்த அனல் காற்றைத்தான் எடுத்து வீசும். சூடு எல்லை மீறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம், சித்திரை வெயிலில் கைக்கு வராது. கரன்ட் போனாலும் இதே பிரச்சினைதான். சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். பெரிய பிராசஸரும் பெரிய கார்டும் சேர்ந்து ஓடும்போது மின்சாரம் நின்றால், யுபிஎஸ்ஸும் கூடவே படுத்துவிடும்.

விலை உயர்ந்ததில் கோளாறே வராது என்பதும் நம்பிக்கைதான். 1994-ல் பெண்டியம் வகுத்தல் கணக்கில் தப்புச் செய்வதை தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். தேவை என்று நிரூபிப்பவர்களுக்கே மாற்றித் தருவோம் என்று முதலில் முரண்டு பிடித்த இன்டெல், டிசம்பரில் இறங்கி வந்தது. செலவு 47.5 கோடி டாலர். முப்பது வருடம் கழித்து 2024-ல் அதன் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் பல, அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலைந்தன. அதிகம் அடிபட்டவை ஐ-9, ஐ-7 வகைகள். இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. பெட்டியோடு விற்ற பிராசஸர்களுக்கு வாரன்டியை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்கியது. திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யாது. இந்த வரிசையில் வாங்குபவர்கள் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்வதும், பில்லைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

ஏழெட்டு வருடம் ஓட வேண்டிய பெட்டிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: நாளைக்கு பிராசஸரை மட்டும் மாற்ற முடியுமா? இன்டெல் இரண்டு, மூன்று தலைமுறைக்கு ஒரு முறை சாக்கெட்டை மாற்றிவிடுகிறது. 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை ஒரு சாக்கெட். அடுத்து வந்த அல்ட்ராவுக்கு வேறு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் இந்த விஷயத்தில் அபூர்வம். 2017-ல் வாங்கிய பல மதர்போர்டுகளில், பயாஸ் புதுப்பித்த பிறகு 2022-ன் 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. புது ராம் வேண்டும் என்பது ஏஎம்5-க்கு ஆகும் கூடுதல் செலவு. 2025 கடைசியில் ஏஐ மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ராம் விலை தாறுமாறாக ஏறியது. பிராசஸருக்கு முன்னால் ராமின் விலையைக் கேட்பது புத்திசாலித்தனம்.

இத்தனைக்கும் பிறகு பட்டியல் சிறியதுதான். இலகுவான விளையாட்டும் வீட்டு வேலையும் என்றால் 'ஜி' வகை ரைசன் ஒன்று போதும். பெரிய விளையாட்டு ஆட வேண்டும் என்றால் ரைசன் 5 5600 அல்லது ஐ-5 12400 போன்ற ஆறு கோர் பிராசஸரோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போட வேண்டும். திரையில் படத்தை வரைவது அதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தவிர்த்து எஸ்எஸ்டி போட்டால், வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற வேகம் அதில்தான் கிடைக்கும். பில்லில் 'ஐ-5' என்று மொட்டையாக எழுதாமல் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்க வேண்டும். மீனாட்சிபுரத்தில் இதற்குச் சாவடி இல்லை; அந்த எண்தான் சாவடி.

ஆள் பேரைக் கேட்டு யாரும் காய் பறிக்கக் கூப்பிடுவதில்லை. தோப்பில் எத்தனை மரம் என்று பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள்.